போயா இரவுக்கு ஒரு தாயம்

கரவெட்டி

அன்பு மருமகளுக்கு,

வரும் போயா இரவில் சின்னப்பிள்ளைகளை இருத்தி விளையாட்டு நடத்தும் பொறுப்பை உன்னிடம் தந்திருப்பதாக அம்மா சொன்னா. தோற்றால் தம்பி அழுவான், அவனை வெல்லவிட்டால் சித்தியின் மகள் கோபித்துக்கொண்டு எழும்பிவிடுவாள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. பெரியவர்கள் பலர் இதை யோசிப்பதே இல்லை. பிள்ளை அழாமல் இருந்தால் போதுமென்று தோற்றுக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நீ அப்படித் தோற்றுக்கொடுக்காதே. வெட்டக்கூடிய காயை வெட்டாமல் நீ வேறு காயை நகர்த்தினால், முதல் தரம் தம்பி சிரிப்பான். இரண்டு மூன்று தரம் நடந்தால் உன் முகத்தைப் பார்ப்பான். தன்னை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்திருக்கிறார்கள் என்பது நாலு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். சின்னவனுக்கு உதவி வேண்டும்தான். அந்த உதவியை ஆட்டம் தொடங்குமுன், எல்லாரும் கேட்க, சட்டமாகச் சொல்லிவிடு. தொடங்கிய பிறகு யாருக்கும் சலுகை இல்லை.

தாயத்தை எடுத்துக்கொள். நாலு புளியங்கொட்டையைச் சீமெந்துத் தரையில் ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை உரைத்தால் கட்டை தயார். வெண்கட்டியால் ஐந்துக்கு ஐந்தாக இருபத்தைந்து கட்டம் கீறு. நாலு பக்கத்து நடுக்கட்டங்களிலும் மையத்திலும் புள்ளடி போடு. அவரவர் பக்கத்து நடுக்கட்டத்தில் காய் இறங்கி, வெளிச்சுற்றை முடித்து, உட்சுற்றில் எதிர்த்திசையாகத் திரும்பி, மையத்துக்குப் போனால் பழம். கொட்டையில் ஒரு வெள்ளை விழுந்தால் தாயம், இரண்டு, மூன்று, நாலு வெள்ளைக்கு அந்தந்த எண், எல்லாம் கறுப்பென்றால் எட்டு. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும்.

இதில் சின்னவர்களைக் கொல்லுவது தாயத்துக்காகக் காத்திருப்பதுதான். கொட்டை இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக் கணக்குப் பார். நாலு கொட்டை விழக்கூடிய விதங்கள் பதினாறு, அதில் தாயம் நாலு. அதாவது நாலில் ஒரு பங்கு. ஐந்து தரம் உருட்டியும் தாயம் விழாமல் போவதற்கான வாய்ப்பும் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு இது பொருட்டில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு, மற்றவர்களின் காய் ஓட ஓடத் தன் காய் வெளியே கிடப்பது பெரிய துக்கம். ஆகவே முதல் சட்டம்: ஆறு வயதுக்குக் கீழே உள்ளவரின் முதல் காய் தாயமில்லாமலே இறங்கும். அடுத்தது, ஒருவரையாவது வெட்டினால்தான் உட்சுற்றுக்குப் போகலாம் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. எல்லாருக்கும் இரண்டு காய் போதும். நாலு காய் என்றால் பழம் காணுமுன் தம்பி நித்திரையாகிவிடுவான். இவ்வளவும் சொன்ன பிறகு அவன் காய் வெட்டுப்படும் இடத்தில் நின்றால் தயங்காமல் வெட்டு. கட்டைக்கு வயது தெரியாது. அதனால்தான் நாலு வயதுக்காரன் உன்னை உண்மையாகவே வெல்லக்கூடிய ஆட்டம் இது.

சட்டத்தை முதலில் பேசிக்கொள்வதை நான் உன் அம்மம்மாவிடம் பழகினேன். 1990 யூனில் போர் மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்று, பல ஆண்டுகள் ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பும் சாப்பாடும். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, வீட்டுக்கு ஒரு விளக்கு, அதைச் சுற்றியே எல்லாரும் இருப்போம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்துச் சனம் தென்மராட்சிக்குப் பெயர்ந்தது. வடமராட்சிப் பக்கம் வந்தவர்களும் உண்டு. எங்கள் விறாந்தையில் ஒரு குடும்பம் தங்கியது. அந்தப் பிள்ளைகளும் தாயம் தெரிந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் வீட்டில் வெட்டாமலே உள்ளே போகலாம், எங்கள் வீட்டில் முடியாது. முதல் இரவு ஆட்டம் சண்டையில் முடிந்தது. மறுநாள் அம்மம்மா கரிக்கட்டியோடு இருந்து, "முதல் சட்டத்தைப் பேசுங்கோ, பிறகு கட்டம் கீறுறன்" என்றா. அவர்கள் சட்டம் ஒன்று, எங்கள் சட்டம் ஒன்று என்று மாறி மாறி ஒத்துக்கொண்டோம். வீட்டை விட்டு வந்த பிள்ளைகளுக்கு அந்தக் கட்டத்தில் தங்கள் சொல்லும் எடுபட்டது. அது அப்போது எனக்கு விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது.

பாம்பும் ஏணியும் பற்றிக் கேட்டிருந்தாய். இந்தியாவின் பழைய பரமபத விளையாட்டுத்தான் 1890களில் இங்கிலாந்தில் அச்சுப் பலகையாக விற்பனைக்கு வந்தது. அதில் யோசித்து முடிவெடுக்க ஒன்றுமில்லை. ஆனாலும் தம்பிக்கு எண் பழக நல்லது. காய் 23இல் நிற்க மூன்று விழுந்தால் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று தட்டிப் போகவிடாதே. ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டு "24, 25, 26" என்று வாய்விட்டுச் சொல்லவை. அமெரிக்காவில் எலிடா லாஸ்கியும் ராபர்ட் சீக்லரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், நூறு வரை எண்ணிட்ட பலகையில் இப்படித் தொடர்ந்து எண்ணிய பிள்ளைகளே எண்களைக் கூடுதலாகப் பழகினார்கள். போனில் லூடோ விளையாடினால் எண்ணும் வேலையைப் போனே செய்துவிடும், பிள்ளைக்குக் கிடைப்பது விரல் தட்டல் மட்டும்.

சித்தியின் மகள் கொஞ்சம் அளாப்புவாள். மூன்று விழ நாலு கட்டம் போவாள். எல்லாருக்கும் முன்னால் "கள்ளி" என்று சொல்லிவிடாதே. "திரும்ப எண்ணுவம்" என்று சொல்லி அவள் கையாலேயே எண்ணவை, அவ்வளவு போதும். தோற்றவன் அழுதால் அழட்டும். பேசாதே, இனிப்புக் கொடுத்து வாயடைக்காதே, "அடுத்தது நீதான் வெல்லுவாய்" என்று வாக்கும் கொடுக்காதே. அது உன் கையில் இல்லாத விஷயம். தோற்றவர்தான் அடுத்த ஆட்டத்தில் முதலில் உருட்டுவார் என்று முன்கூட்டியே சட்டம் வைத்திரு. கண்ணைத் துடைத்துக்கொண்டு வர அவனுக்கு ஒரு காரணம் இருக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம். பழைய பல்லாங்குழிப் பெட்டியில் குன்றிமணி கிடந்தால் எடுத்து ஒளித்துவை. அழகான சிவப்பு, கடித்தால் கொடிய நஞ்சு. மூன்று வயதுப் பிள்ளை யாரும் பக்கத்தில் இருந்தால் புளியங்கொட்டையும் அதன் கைக்கு எட்டக்கூடாது, தொண்டையில் சிக்கும். காய்க்குப் பிளாஸ்டிக் போத்தல் மூடி போதும், நிறமும் வேறு வேறாகக் கிடைக்கும்.

நடுவராகத் தள்ளி இராமல் நீயும் ஒரு பக்கம் இரு. நாலாம் பக்கத்துக்கு அம்மாவைக் கூப்பிடு. சமையல் கிடக்குது என்பா, கையைப் பிடித்து இருத்து. அம்மாவுக்குச் சலுகை ஒன்றும் வேண்டாம்.

அன்புடன்,
மாமா