சின்ன அறையில் ஒரு ரயில் நிலையம்



வீட்டில் மாதிரி ரயில் கட்டுகிறேன் என்று சொன்னால் பல்கலைக்கழக நண்பர்கள் முதலில் சிரிப்பார்கள். அடுத்து எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அதுக்கு உங்க வீட்ல இடம் இருக்கா?"

இல்லை. நாங்கள் இருப்பது அடுக்குமாடி வீடு. மூன்று அறை. ஒன்று அப்பா அம்மாவுக்கு, ஒன்று தம்பிக்கும் எனக்கும். மூன்றாவது 2.7 மீட்டருக்கு 2.1 மீட்டர் உள்ள குட்டி அறை. மடிக்காத துணியும் பழைய சாமானும் கிடந்த அந்த அறையில்தான் என் முதல் ரயில் ஓடியது. அது ஓடியதையும், ஒரே மாலையில் அதை ரம்பத்தால் அறுத்ததையும், அதிலிருந்து நான் கற்றதையும் இங்கே பாடமாக எழுதுகிறேன். ரயிலில் ஆர்வம் இல்லாதவர்களும் படிக்கலாம். இடமும் காசும் குறைவாக இருக்கும்போது ஒன்றை எப்படிக் கட்டுவது என்பதுதான் இதன் பொருள்.

முதல் பாடம்: அளவு தெரிந்து ஆசைப்படு

மாதிரி ரயிலில் பல அளவுகள் உண்டு. உலகில் அதிகம் பேர் வைத்திருப்பது 'எச்.ஓ.' அளவு. உண்மையான ரயிலில் 87-இல் ஒரு பங்கு. அதைவிடச் சிறியது 'என்' அளவு, 160-இல் ஒரு பங்கு. இதில் தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர். ஒன்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துதான் அந்த 'என்'.

சின்ன வீட்டில் பிரச்சினை நேர்த்தடம் அல்ல, வளைவு. எச்.ஓ. ரயில் சுற்றி வர, வழக்கமான சிறிய வளைவின் ஆரமே 457 மி.மீ., அதாவது 18 அங்குலம். விட்டம் 91 செ.மீ. ஆகிறது. ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டால் ஒரு மீட்டர் அகலப் பலகை வேண்டும். 'என்' அளவில், ஜப்பானின் காட்டோ நிறுவனம் விற்கும் ஒரு வளைவுத் தடத்தின் ஆரம் 249 மி.மீ. எட்டுத் துண்டு சேர்த்தால் ஒரு முழு வட்டம். 55 செ.மீ. அகலம் போதும்.

நீளத்திலும் ஏமாறக்கூடாது. 20 மீட்டர் பயணிகள் பெட்டி 'என்' அளவில் 12.5 செ.மீ. தான். ஆனால் 300 மீட்டர் பிளாட்பாரத்தை அப்படியே சுருக்கினால் 1.87 மீட்டர்! என் அறையின் குறுகிய சுவரே 2.1 மீட்டர். அதனால் எல்லா மாதிரிக்காரர்களும் பிளாட்பாரத்தைக் குட்டையாக்கி, பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்து வைப்பார்கள். கண் அதை ஏற்றுக்கொள்ளும்.

மேம்பாலம் கட்டும் ஆசையும் அப்படித்தான். ஒரு தடம் இன்னொன்றின் மேலே போக, 'என்' அளவில் சுமார் 5 செ.மீ. உயரம் வேண்டும். ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. ஏற்றம் என்றால் ஏறுவதற்கே 2.5 மீட்டர் தடம் போய்விடும். இறங்க இன்னொரு 2.5 மீட்டர். கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ஆசைப்படுவது நல்லது.

நான் கணக்குப் போடவில்லை. யூடியூப் பார்த்தேன், பலகை வாங்கினேன், ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டாம் பாடம்: ஒட்டினால் போச்சு

என் முதல் பலகை 180 செ.மீ.க்கு 90 செ.மீ. ஒரே துண்டு பிளைவுட். அதன்மேல் தடம், பிளாஸ்டர் மலை, சுரங்கம், ஒரு கம்பம், ஒரு ரப்பர் தோட்டம். எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டினேன். அடியில் ஒயர்கள் முறுக்கிக்கொண்டு கிடந்தன. எது எங்கே போகிறது என்று என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. இரண்டு வருட உழைப்பு. பகுதி நேர வேலையில் சம்பாதித்ததில் பாதி அதில்தான் போனது.

அப்புறம் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. மருத்துவமனையிலிருந்து வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். குளியலறைக்குப் பக்கத்தில் இருப்பது அந்த மூன்றாவது அறைதான்.

"பாட்டிக்குக் கட்டில் போடணும்டா. வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடு" என்றார் அப்பா.

"ஒரு ஓரமா நிமிர்த்தி வெச்சிடலாமேப்பா" என்றேன்.

"கட்டில், சக்கர நாற்காலி, உன் மலை. மூணும் எப்படிடா அந்த ரூம்ல?"

நான் விடவில்லை. ஹாலில் வைக்கலாம், என் கட்டிலுக்கு மேலே தொங்கவிடலாம் என்று வாதாடினேன். அப்பா கத்தவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். பாட்டி நடக்க முடியாமல் படுத்திருக்கிறார், நான் பிளாஸ்டர் மலைக்காகச் சண்டை போடுகிறேன். அந்தப் பார்வையை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

வியாழக்கிழமை மாலை தம்பியும் நானும் தூக்கிப் பார்த்தோம். அசையவில்லை. அசைந்தாலும் வைக்க வேறு இடம் இல்லை. மூன்று துண்டாக அறுத்தோம். அறுத்த இடத்தில் தடம் வளைந்தது, ஒயர் எல்லாம் அறுந்தது. எஞ்சின், பெட்டி, கொஞ்சம் தண்டவாளம் மட்டும் ஒரு அட்டைப் பெட்டிக்குள் போனது. மற்றதெல்லாம் குப்பைக்கு.

தவறு பாட்டி வந்ததில் இல்லை. இடம் எப்போதும் எனக்கே இருக்கும் என்று நினைத்துக் கட்டியதில் இருந்தது. வாடகை வீடு மாறும், கல்யாணம் நடக்கும், குழந்தை வரும், பெரியவர்கள் வருவார்கள். வீட்டில் கட்டும் எதுவும் ஒரு நாள் நகர வேண்டிவரும்.

மூன்றாம் பாடம்: முடிந்த துண்டு, நீளும் துண்டு

ஆறு மாதம் ரயில் பக்கம் போகவில்லை. பிறகு, மற்றவர்கள் சின்ன இடத்தில் எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் ஜான் ஆலன் என்று ஒருவர். மாதிரி ரயில் உலகில் மிகப் புகழ்பெற்றவர். கலிபோர்னியாவில் வீட்டின் அடித்தளம் முழுக்க மலையும் பாலமுமாகக் கட்டினார். 1973-இல் அவர் இறந்த சில நாட்களில் தீயில் அது அழிந்துவிட்டது. என்னை நிறுத்தியது வேறொரு செய்தி. அவர் தொடங்கியது என் பழைய பலகையைப் போன்ற ஒரு சின்னப் பலகையில். வீடு மாறிப் பெரிதாகக் கட்டியபோது அந்த முதல் பலகையை அவர் தூக்கிப் போடவில்லை. புதியதற்குள் ஒரு பகுதியாகவே சேர்த்துவிட்டார்.

அடுத்து 'டி-டிராக்' என்ற முறையைப் பார்த்தேன். 308 மி.மீ. நீளமுள்ள சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் 310 மி.மீ. தடம். தடம் இரண்டு மி.மீ. நீளமாக இருப்பதால், மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தடமே பெட்டிகளை இணைத்துவிடும். ஒருவர் வீட்டில் இரண்டு பெட்டி, இன்னொருவர் வீட்டில் நான்கு. ஒன்றுகூடும்போது பெரிய ரயில் பாதை. முடிந்ததும் அலமாரிக்குள்.

இரண்டிலும் ஒரே கருத்துதான். ஒவ்வொரு துண்டும் தனியாக முழுமையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் ஓரமும் அடுத்த துண்டுக்காகக் காத்திருக்க வேண்டும்.

அதன்படி இந்த முறை நான் வைத்த விதிகள்:

ஒன்று, எந்தத் துண்டும் 60 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலத்தைத் தாண்டாது. ஒரு ஆள், ஒரு கையால் தூக்க வேண்டும்.

இரண்டு, பிளாஸ்டர் கிடையாது. மேடு பள்ளம் எல்லாம் ஃபோம் பலகையில் செதுக்கியது.

மூன்று, துண்டுகள் போல்ட்டும் நட்டும் போட்டுத்தான் சேரும். பசை இல்லை.

நான்கு, ஒவ்வொரு துண்டுக்கும் தனி மின் இணைப்பு. சிவப்பு, கறுப்பு என்று ஒயர் நிறம் மாறாது. இணைப்பைத் தாளில் வரைந்து பலகையின் அடியில் ஒட்டிவிட வேண்டும். நான் இல்லாதபோது தம்பி கழற்றினாலும் திரும்பச் சேர்க்க முடிய வேண்டும்.

நான்காம் பாடம்: சுற்றி வராமலும் ரயில் ஓடும்

120 செ.மீ. பலகையில் வட்டம் வராது. அப்படியானால் என்ன செய்வது? இங்கிலாந்தின் ஆலன் ரைட் என்பவர் உருவாக்கிய 'இங்கில்நுக்' என்ற ஷண்டிங் புதிர்தான் விடை. மூன்று கிளைத்தடங்கள். ஒன்றில் 5 பெட்டி நிற்கும், மற்ற இரண்டில் 3, 3. எதிர்ப்பக்கம் எஞ்சினும் 3 பெட்டியும் மட்டும் நிற்கும் ஒரு தடம். மொத்தம் 8 சரக்குப் பெட்டிகள். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, வந்த அதே வரிசையில் நீளமான தடத்தில் நிறுத்த வேண்டும்.

கேட்க எளிது. ஆனால் எட்டிலிருந்து ஐந்தை வரிசையாக எடுக்க 8×7×6×5×4, அதாவது 6720 வழிகள். வருடம் முழுக்க ஆடினாலும் தீராது. என் பெட்டி ஒன்று கொக்கியோடு 6 செ.மீ., எஞ்சின் 9 செ.மீ. எஞ்சின் தடம் 27, இரண்டு பாயிண்ட் 25, நீளமான தடம் 30. கூட்டினால் 82 செ.மீ. இரண்டு துண்டில் அடங்கிவிட்டது.

எங்கே வைப்பது? பாட்டியின் அறையில், கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு தட்டு. "வைக்கலாமா பாட்டி?" என்று முதலில் கேட்டேன். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் ஆணி அடித்தேன்.

ஐந்தாம் பாடம்: பாட்டி சொன்னது

தாத்தா கிம்மாஸில் தண்டவாளப் பராமரிப்புக் கூட்டத்தில் வேலை செய்தவர். கோலாலம்பூர், ஜொகூர், கிழக்குக் கரை மூன்று பக்கமும் பிரியும் சந்திப்பு அது. நான் பிறக்கும் முன்பே தாத்தா இறந்துவிட்டார். 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் ரயில் ஓடியது என்று எனக்குப் புத்தகத்தில் தெரியும். தாத்தா என்ன வேலை செய்தார் என்று தெரியாது.

தடம் ஓடி ஒரு மாதத்தில் ஒரு இடத்தில் மேலே புடைத்துக்கொண்டது. எஞ்சின் அங்கே வந்தாலே தடம் புரளும். மின்சாரம் தடைபடக்கூடாது என்று எல்லா இணைப்பையும் நான் சால்டர் வைத்து ஒட்டியிருந்தேன். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பாட்டி படுத்தபடியே கேட்டார்:

"ஏன்யா, ரெண்டு தண்டவாளம் சேர்ற எடத்துல இடம் விடலையா? உங்க தாத்தா இருந்தா திட்டியிருப்பாரு. வெயில்ல இரும்பு நீளும்ல."

இதை நான் முதலாம் ஆண்டிலேயே படித்திருக்கிறேன். 12 மீட்டர் இரும்புத் தண்டவாளம் 30 பாகை சூடானால் சுமார் 4 மி.மீ. நீளும். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். சொந்தப் பலகையில் மறந்துவிட்டேன்.

என் தடத்தில் வெயிலைவிட ஈரம்தான் பெரிய காரணம். 1.2 மீட்டர் தடம் 10 பாகை சூட்டில் 0.2 மி.மீ. கூட நீளாது. ஆனால் நம் நாட்டு ஈரக் காற்றில் மரம் விரியும், உலர்ந்தால் சுருங்கும். பலகை சுருங்கும்போது தண்டவாளம் அதோடு சுருங்காது. போக இடமில்லாமல் மேலே புடைக்கும். அரை மி.மீ. இடைவெளி விட்டு வெட்டினேன். ஒவ்வொரு தடத் துண்டுக்கும் தனி ஒயர் கொடுத்தேன். பலகையின் இரண்டு பக்கமும் ஓரங்களும் சாயம் பூசினேன். அதற்குப் பிறகு புடைக்கவில்லை.

அன்றிலிருந்து பாட்டி நிறையப் பேச ஆரம்பித்தார். தாத்தா விடியற்காலையில் சுத்தியலோடு தடத்தில் நடந்து போனது, லைன் வீட்டில் ஆறு பேர் ஒரே அறையில் படுத்தது எல்லாம். சீட்டுக் குலுக்குவதும் இப்போது அவர்தான். நான் தப்பாக நகர்த்தினால், "அந்தப் பச்சைப் பொட்டிய முன்னாடியே ஒதுக்கியிருக்கணும்" என்பார்.

போன மாதம் மூன்றாவது துண்டைச் சேர்த்தேன். எஞ்சின் தடத்தின் முனையில் 60 செ.மீ. மரத்தட்டு, மேலே ஒரே ஒரு தடம். ரயிலோடு சேர்த்து அப்படியே தூக்கி வேறொரு ரயில் வைக்கலாம். பாட்டி இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். அவர் நடக்க வழி வேண்டும் என்றால், அந்தத் துண்டைக் கழற்ற இரண்டு நிமிடம் போதும்.

சிந்திக்க, செய்து பார்க்க

1. ரயில் வாங்க வேண்டாம். தாளில் இங்கில்நுக் தடம் வரைந்து, எட்டுத் தீப்பெட்டிக்கு எண் போட்டு அடுத்த சந்திப்பில் ஆடிப் பாருங்கள். மிகக் குறைந்த நகர்வில் முடிப்பவர் யார்?

2. நீங்கள் இப்போது கட்டிக்கொண்டிருப்பது எதுவாக இருந்தாலும், நாளை இடம் விடச் சொன்னால் அது பிழைக்குமா?

3. உங்கள் வீட்டுப் பெரியவர் செய்த தொழிலில், உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள ஒன்று ஒளிந்திருக்கும். இந்த வாரம் உட்கார்ந்து கேளுங்கள்.