பஞ்சுவுக்கு ஏற்ற வீடு

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் என்ற ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே பூமிக்கு அடியிலிருந்து தங்கம் எடுத்தார்கள். தமிழ் பேசும் தொழிலாளர்கள் பலர் இங்கே குடியேறினார்கள். 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் பலர் தினமும் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

அப்படி வேலைக்குப் போகிறவள் ஓர் அம்மா. அவளுடைய மகள் பள்ளியில் படிக்கிறாள். அவர்கள் வீட்டு ஓரத்தில் ஒரு தெருநாய் நான்கு குட்டிகள் போட்டது. அம்மா தினமும் சோறு வைத்தாள்.

குட்டிகளுக்கு ஆறு வாரம் ஆயிற்று. தட்டுச் சத்தம் கேட்டதும் மூன்று குட்டிகள் ஓடிவரும். ஒரு வெள்ளைக் குட்டி மட்டும் தூங்கிக்கொண்டே இருக்கும். அதற்கு மகள் பஞ்சு என்று பெயர் வைத்தாள்.

"பஞ்சு சோம்பேறிம்மா" என்றாள் மகள்.

அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. பஞ்சு விழித்திருந்தபோது பின்னால் தள்ளி நின்றாள். சாவிக்கொத்தை ஆட்டினாள். மற்ற குட்டிகள் திரும்பின. பஞ்சு திரும்பவில்லை.

அம்மா அதைக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனாள். டாக்டர் பார்த்தார்.

"நாய்க்குட்டி பிறக்கும்போது காது மூடியிருக்கும். சுமார் இரண்டு வாரத்தில் திறக்கும். இதுக்குக் காது திறந்திருக்கு. ஆனா கேட்கலை. இது பிறவிக் குறை. மருந்து கிடையாது" என்றார்.

"ஏன் சார் இப்படி?"

"உடம்புக்கு நிறம் தர்ற உயிரணுக்கள் உண்டு. காதுக்குள்ளேயும் அவற்றுக்கு வேலை இருக்கு. அங்கே அவை இல்லாவிட்டால் காது கேட்காது. வெள்ளை நிறம் அதிகமான சில நாய்களுக்கு இப்படி ஆகும். எல்லா வெள்ளை நாய்க்கும் ஆகாது. கவலைப்படாதீங்க. இதுக்குக் கண் இருக்கு, மூக்கு இருக்கு. கையால் காட்டினால் கத்துக்கும்."

அம்மா வீட்டுக்கு வந்து முயன்று பார்த்தாள். கையை நீட்டித் தன் நெஞ்சுப் பக்கம் இழுத்தாள். அதற்கு 'வா' என்று பொருள். பஞ்சு வந்தால் ஒரு துண்டு இட்லி கொடுத்தாள். சில நாட்களில் கை அசைந்ததும் பஞ்சு ஓடி வந்தது.

மற்ற மூன்று குட்டிகளையும் தெரிந்தவர்கள் கொண்டுபோனார்கள். பஞ்சுவை யாரும் கேட்கவில்லை.

"தெருவிலேயே விட்டுடு. தெருநாய் தெருவில்தானே வாழுது" என்றார்கள் பக்கத்து வீட்டில்.

அம்மா யோசித்தாள். லாரி ஹாரன் அடித்தால் மற்ற நாய்கள் விலகும். பஞ்சு விலகாது. வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா? காலையில் அவள் ரயிலுக்குப் போய்விடுவாள். மகள் பள்ளிக்குப் போய்விடுவாள். பகல் முழுவதும் பஞ்சுவைப் பார்க்க ஆள் இல்லை. நல்ல வீடு தேடுவதே வழி.

முதலில் ஒரு லாரி ஷெட்காரர் கேட்டார். "ராத்திரி காவலுக்கு விடறேன்" என்றார். அங்கே வண்டிகள் முன்னும் பின்னும் போகும். "வேண்டாம் அண்ணே. பின்னால் வர்ற வண்டி இதுக்குத் தெரியாது" என்றாள் அம்மா.

பிறகு அம்மாவின் தங்கை கேட்டாள். அவளுக்கு நாய் என்றால் உயிர். ஆனால் வீட்டு வாசல் சாலையைப் பார்த்திருக்கிறது. கதவு எப்போதும் திறந்திருக்கும். மூன்று சின்னப் பிள்ளைகள் வேறு. தூங்கும் நாயைப் பிள்ளைகள் திடீரென்று கட்டிப்பிடித்தால் அது திடுக்கிட்டுக் கடித்துவிடலாம். தங்கைக்கு வருத்தம்தான். ஆனாலும் அவள் புரிந்துகொண்டாள்.

மூன்றாவதாக ஒரு தாத்தாவும் பாட்டியும் வந்தார்கள். அம்மா அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்தாள். சுற்றிலும் சுவர் இருந்தது. கேட்டுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. பகலெல்லாம் இருவரும் வீட்டில்தான் இருப்பார்கள்.

தாத்தா சுரங்கத்தில் பாறை துளைக்கும் வேலை செய்தவர். அந்த இரைச்சலில் அவருக்குக் காது மந்தம். பாட்டி அவரைக் கூப்பிடவில்லை. முன்னால் வந்து நின்று கையை அசைத்தார். தாத்தா நிமிர்ந்து பார்த்தார்.

"இவருக்கு இத்தனை வருஷமா இப்படித்தான். இனி ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கை ஆட்டறேன்" என்று பாட்டி சிரித்தார்.

"நீங்க ஊருக்குப் போனா யார் பார்ப்பாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"அடுத்த லைனில் என் மகள் இருக்கா. அவளுக்கும் கை காட்டச் சொல்லித் தர்றேன்" என்றார் பாட்டி.

அம்மாவுக்கு மனம் நிறைந்தது. அன்று இரவு ஒரு தாளை எடுத்தாள். அவள் எழுதப் படிக்கக் கற்றுச் சில மாதங்களே ஆகின்றன. மெதுவாக எழுதினாள்.

1. கயிறு இல்லாமல் வெளியே விட வேண்டாம்.

2. தூங்கும்போது திடீரென்று தொட வேண்டாம். மூக்கின் அருகே கையை வையுங்கள். வாசனையில் விழிக்கும்.

3. இருட்டில் கூப்பிட விளக்கை அணைத்துப் போடுங்கள்.

4. கழுத்தில் மணி கட்டுங்கள். எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

5. மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். பிறகு டாக்டர் சொல்லும் நாளில் தவறாமல் போடுங்கள்.

6. வளர்க்க முடியாமல் போனால் தெருவில் விட வேண்டாம். எங்களிடமே கொடுங்கள்.

ஆறாவது வரியை அம்மா இரண்டு முறை படித்துப் பார்த்தாள். எழுத்துப் பிழை இல்லை. மறுநாள் பஞ்சுவோடு அந்தத் தாளையும் கொடுத்தாள். பாட்டி அதைச் சுவரில் ஒட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் போய்ப் பார்த்தாள். தாத்தா கையை நெஞ்சுப் பக்கம் இழுத்தார். பஞ்சு மணி குலுங்க ஓடி வந்தது.

தெரிந்துகொள்வோம்

வளர்க்கும் பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது குற்றம். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இதைச் சொல்கிறது.

நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பேசுவோம்

1. தங்கை அன்பானவள். அவள் வீடு ஏன் பஞ்சுவுக்கு ஏற்றதல்ல?

2. அம்மா ஏன் ஆறாவது வரியை எழுதினாள்?

3. உங்கள் தெருவில் காது கேளாத நாய் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஐந்து வரி எழுதுங்கள்.