ஷிப்டுக்குப் போகிறவர் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது: எங்கே செய்யலாம், எங்கே கூடாது

செய்யாறு, வந்தவாசி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் வேலைக்கு வருகிற பிள்ளைகள் மனதுக்குள் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார்கள். "ஒரு வருஷம் பல்லைக் கடிச்சா பெர்மனென்ட்." "தங்கச்சி கல்யாணம் வரைக்கும்தான், அப்புறம் சொந்தமா கடை." இந்தக் கணக்கில் கொஞ்சம் பொய் கலந்திருக்கும். கலந்திருக்கட்டும். ஆனால் எதில் கலக்கலாம் என்பதில் கறாராக இருக்க வேண்டும். உங்கள் கைத்திறமையைப் பற்றி உங்களுக்கே கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லிக்கொண்டால் பலன் உண்டு. கம்பெனியைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் அப்படிச் சொல்லிக்கொண்டால் கவிழ்ந்துபோவீர்கள்.

செய்ய வேண்டியவை

முதல் மாதம் உங்களைக் கொஞ்சம் கூடவே நம்புங்கள். லைனில் நிற்கிற முதல் வாரத்தில் எல்லோருக்கும் கை நடுங்கும். பக்கத்து ஸ்டேஷனில் இருக்கிற அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஸ்க்ரூ போடுவார். உங்களுக்கு டார்கெட்டில் பாதிகூட வராது. அந்த நேரத்தில் உண்மையை மட்டும் பார்த்தால் பெட்டியைக் கட்டத் தோன்றும். 1991-இல் ஜோனா ஸ்டாரெக், கரோலின் கீட்டிங் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி நீச்சல் வீரர்களிடம் சங்கடமான கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். மனசாட்சிப்படி யாரும் "இல்லவே இல்லை" என்று சொல்ல முடியாத கேள்விகள். அப்படிச் சொன்னவர்கள், அதாவது தம்மைத் தாமே அதிகம் ஏமாற்றிக்கொள்கிறவர்கள், தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றவர்களிடையே கூடுதலாக இருந்தார்கள். சின்ன ஆய்வுதான். ஆனாலும் பழகினால் வருகிற வேலையில், "எனக்கு வரும்" என்று முன்கூட்டியே நம்புகிறவர்தான் பழகும்வரை தாக்குப்பிடிக்கிறார்.

ஆசையோடு தடையையும் பெயர் சொல்லி எழுதுங்கள். நம்புவது வேறு, கனவில் திளைப்பது வேறு. கேப்ரியேலே ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் ஜெர்மனியில் படிப்பு முடித்து வேலை தேடியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2002-இல் எழுதினார். வேலை கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே போனார்கள். வேலை கிடைத்துவிட்டது போலவே அடிக்கடி கற்பனை செய்து மகிழ்ந்தவர்களுக்கு இரண்டு வருடம் கழித்தும் வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. டிப்ளமோ முடிக்க வேண்டுமா? "நைட் ஷிப்ட் வாரத்தில் படிக்க முடியாது, டே ஷிப்டில் தினம் ஒரு மணி நேரம்" என்று நோட்டில் எழுதுங்கள். ரூமில் படுத்துக்கொண்டு யூடியூபில் ரோபோ புரோகிராமிங் பார்ப்பது படிப்பு ஆகாது.

மாதம் ஒரு முறை காகிதத்தைப் பாருங்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக், ஆஃபர் லெட்டர். சீட்டில் பி.எஃப். பிடித்திருக்கிறார்கள் என்றால் பாஸ்புக்கிலும் ஏறியிருக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

"ஹெச்.ஆர். சாரே வாயால சொன்னாரு" என்று நம்பி உட்காராதீர்கள். 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளிக்கு நிரந்தரம் கேட்கும் உரிமையைத் தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. ஆனால் உங்களை எடுத்திருப்பது 1961-இன் அப்ரென்டிஸ் சட்டப்படி என்றால் நீங்கள் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே இல்லை, பயிற்சியாளர். பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் கம்பெனிக்குக் கட்டாயமும் இல்லை. லெட்டரின் தலைப்பில் என்ன போட்டிருக்கிறது என்பதைச் சேர்ந்த அன்றே படியுங்கள்.

"இவ்வளவு பெரிய கம்பெனியை மூடவா போறாங்க" என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரு கட்டத்தில் அந்தக் கம்பெனி உலகத்தில் வைத்திருந்த ஆலைகளிலேயே பெரியது இதுதான். கோடிக்கணக்கில் போன் வெளியே போனது. பிறகு செய்திகள் ஒவ்வொன்றாக வந்தன. 2013-இல் வருமான வரித் தகராறு, சொத்து முடக்கம். அதே ஆண்டு செப்டம்பரில் மைக்ரோசாஃப்டுக்கு விற்கும் அறிவிப்பு. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் கேட்டது. ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது ஸ்ரீபெரும்புதூர் அதில் சேரவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வில் போனார்கள். நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. எல்லாமே செய்தித்தாளில் வந்தவை, ஒளிவுமறைவே இல்லை. அதே வளாகத்தில் 2020-இல் சால்காம்ப் என்ற கம்பெனி சார்ஜர் செய்ய வந்தது. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் வந்தது. வட்டாரத்தின் மேல் வைத்த நம்பிக்கை வீண் போகவில்லைதான். ஆனால் நடுவே கழிந்த அந்த ஆறு வருடத்தை, வீட்டுக் கடனோடும் கைக்குழந்தையோடும் கேட்டுக்கு வெளியே நின்றவருக்கு யார் திருப்பித் தருவார்கள்? கம்பெனி நன்றாக ஓடும்போதே ஆறு மாதச் செலவை ஒதுக்கி வையுங்கள்.

"பழகிடும்" என்று எல்லாவற்றையும் விழுங்காதீர்கள். ஹாஸ்டல் சாப்பாடு, ஒரே ரூமில் நெருக்கியடித்துப் படுப்பது, குளிக்க வரிசை. ஊருக்குப் போன் போட்டு "நல்லா இருக்கேன்மா" என்று சொல்வதில் தப்பில்லை. அம்மாவுக்குச் சொன்ன அந்த வார்த்தையை நீங்களே நம்பத் தொடங்குவதுதான் ஆபத்து. 2021 டிசம்பரில், ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் ஹாஸ்டல் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனை போன பிறகு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. சில தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. ஜனவரி 12-இல்தான் ஆலை மீண்டும் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் தமிழக அரசு திறந்தது. அன்று சாலையில் உட்கார்ந்த பெண்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இருபது, இருபத்திரண்டு வயதில் "இது சரியில்லை" என்று சத்தமாகச் சொல்வது லேசான காரியமில்லை.

ஓ.டி. பணத்தைச் சம்பளக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது ஓ.டி.தான். புல்லட் ஒரகடத்திலேயே தயாராகிறது, பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அடிப்படைச் சம்பளத்தில் இ.எம்.ஐ. கட்ட முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

"எனக்குத் தூக்கம் பத்தும்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். இந்தப் பட்டியலில் உயிரைப் பறிக்கக்கூடிய பொய் இதுதான். 2003-இல் ஹான்ஸ் வான் டோங்கன் குழு பென்சில்வேனியாவில் நடத்திய ஆய்வில், இரண்டு வாரம் தினம் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், ஒன்றிரண்டு இரவு முழுக்கக் கண் விழித்தவர்கள் அளவுக்குச் சரிந்தது. ஆனால் தாங்கள் இவ்வளவு மோசமாகிவிட்டோம் என்பது அவர்களுக்கே பெரிதாகத் தெரியவில்லை. நைட் ஷிப்ட் முடித்து வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போகிறவரும் அதே நிலைமையில்தான் இருக்கிறார். "தெளிவாத்தான் இருக்கேன்" என்று அவருக்குத் தோன்றுவதை நம்ப முடியாது. நைட் ஷிப்ட் வாரம் முழுக்க பைக்கை ரூமில் விட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறுங்கள். பஸ் தவறி பைக்கில் வந்திருந்தால், ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனிலேயே ஒரு மணி நேரம் படுத்து எழுந்த பிறகு கிளம்புங்கள்.