பளிங்கினுட் புகும் அணுத்துகள்

அணுக்கள் வரிசை பிறழாது அடுக்கப்பெற்ற திடப்பொருளைப் பளிங்கு என்பர். உப்பும் சிலிக்கனும் இவ்வினத்தன. செம்பு முதலாய உலோகங்களும் அன்னவே. விரைந்து வரும் அணுத்துகள் ஒன்று இவற்றுட் புகின் எத்துணை ஆழம் செல்லும் என்பது பௌதிக நூலார் நெடுங்காலம் ஆராய்ந்த வினா.

சவுக்குத் தோப்பின் ஓரத்தே நிற்பவனுக்கு மரங்கள் நெருங்கிய காடாய்த் தோன்றும். இரண்டடி விலகி வரிசைக்கு நேரே நின்றானாயின் மறுகோடிவரை வெளி தெரியும். பளிங்கின் நிலையும் இதுவே. 1912-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் ஸ்டார்க் இக்கருத்தை வெளியிட்டார். அவ்வாண்டே பளிங்கில் எக்ஸ் கதிர்கள் சிதறும் முறை லாவே என்பாரது ஆய்வால் விளங்கவே, அறிஞர் கருத்தெல்லாம் அதன்பாற் சென்றது. அதன்பின் அரை நூற்றாண்டளவும், துகளின் ஆழத்தைக் கணக்கிட்டோர் அணுக்கள் தாறுமாறாய்க் கிடப்பனவாகவே கொண்டனர். அங்ஙனம் கொள்ளுதல் எளிது என்பதே காரணம் போலும்.

1963-இல் அமெரிக்க நாட்டு ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்து ராபின்சன், ஓயன் என்னும் இருவர் கணிப்பொறியினுள் ஒரு செம்புப் பளிங்கை அமைத்தனர். அஃதாவது, ஒவ்வோர் அணுவையும் அதற்குரிய இடத்தில் எண்களாய் நிறுத்தினர். துகள் புகும் இடத்தைத் திருவுளச்சீட்டு எடுப்பதுபோல் தேர்ந்து, எதிர்ப்படும் அணு அதனை எவ்வளவு விலக்குகிறது, எவ்வளவு ஆற்றலைக் கவர்கிறது எனக் கணித்து, அது ஓயும்வரை பின்தொடர்ந்தனர். இவ்வாறே துகள் பலவற்றைச் செலுத்திப் பார்க்க, அவற்றுட் சில எதிர்பார்த்ததினும் பன்மடங்கு ஆழம் சென்றன. அணுவரிசைகளின் இடையே உள்ள வாய்க்கால்களின் வழியே அவை ஓடின! பொறி தன் மதியால் இதனைக் கண்டதன்று. உள்ள ஒழுங்கை உள்ளவாறு அதனுள் இட்டமையே வேறுபாடு. சோதனைகளும் விரைவில் இதனை உறுதிப்படுத்தின.

நிற்க. நேர்மின் கொண்ட துகளை வரிசையிலுள்ள அணுக்கள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாய்த் தள்ள, அவ்வரிசை ஒரு சுவர் போலாகித் துகளை நடுவே செலுத்துகிறது என்று 1965-இல் டென்மார்க்கு நாட்டு லிண்டார்டு விளக்கினார். துகளின் ஆற்றல் நான்கு மடங்காயின், புகத்தக்க கோணம் பாதியாய்க் குறுகும். இதனோடு, அணுக்கள் வெப்பத்தால் இடையறாது நடுங்குவதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். சேர்க்காவிடின் வாய்க்கால்கள் உண்மையினும் செம்மையாய்த் தோன்றிக் கணக்குப் பொய்க்கும்.

பளிங்கை வளைத்தால் துகளும் உடன் வளையும் என்று 1976-இல் ரஷ்ய அறிஞர் சிகனோவ் கூறினார். 1979-இல் தூப்னா நகரில் அது மெய்யாயிற்று. ஜெனீவாவை அடுத்த செர்ன் பெருமுடுக்கியில் 2023-இல் ஈய அயனிகள் சுழன்றபோது, கற்றையினின்று விலகுவனவற்றை அகற்ற, 4 மில்லிமீட்டர் நீளமுள்ள வளைந்த சிலிக்கன் பளிங்குகள் பயன்பட்டன. அத்தொலைவில் அவ்வளைவைத் தரக் காந்தத்திற்கு 250 டெஸ்லாவுக்கு மேற்பட்ட வலிமை வேண்டும். அம்முடுக்கியின் வளைகாந்தங்களோ 8.3 டெஸ்லா அளவின. ஆயினும் ஆங்குப் புகுகோணம் ஒரு பாகையைப் பதினாயிரம் கூறாக்கியதில் இரண்டு கூறு பிசகினும் வாய்க்கால் அடைபட்டுவிடும்.