சாலைக்கு அடியில் மணல்

திருவனந்தபுரத்தில் சங்குமுகம் என்ற கடற்கரை உள்ளது. கடலை ஒட்டியே சாலை போகிறது. விமான நிலையத்துக்கும் அந்த வழியாகப் போகலாம்.

2021 மே மாதம் அரபிக் கடலில் டவ்தே புயல் வந்தது. அது கரை கடந்தது தூரத்தில், குஜராத்தில். ஆனாலும் இங்கே கடல் கொந்தளித்தது. சாலையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பிறகு சுவர் கட்டிச் சாலையைச் சரி செய்தார்கள்.

சாலை ஏன் இடிந்தது? மணல்தான் கரைக்குக் காவல். பெரிய அலை மணலை அரித்துக்கொண்டு போகும். பிறகு சாலையின் அடிமண்ணையும் அரிக்கும். மேலே தார் அப்படியே இருக்கும். கீழே மண் இருக்காது. வண்டி ஏறினால் உள்ளே இறங்கிவிடும்.

புயல் நாளில் வானொலிச் செய்தி கேளுங்கள். தடுப்பு வைத்த சாலையில் போகாதீர்கள். சுற்று வழி தூரம்தான். ஆனால் பத்திரமாக வீடு போய்ச் சேரலாம்.

யோசிப்போம்: புயல் தூரத்தில் இருந்தால் நமக்கு ஆபத்து இல்லையா?