முதல் பறத்தல் விழாவில் வேண்டாம்

கேள்வி: கல்லூரித் தொழில்நுட்ப விழாவுக்காக நண்பர்கள் சேர்ந்து ஓர் ஆர்.சி. விமானம் செய்துவருகிறோம். எடை 2 கிலோ வரும். விழாவுக்கு முதல் நாள் இரவுதான் வேலை முடியும் போலிருக்கிறது. சிமுலேட்டரில் நன்றாகப் பழகிய நண்பர்தான் ஓட்டப்போகிறார். நேராக விழாவிலேயே பறக்கவிடலாமா?
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: கூடாது. உங்கள் நண்பரின் திறமையை நான் சந்தேகிக்கவில்லை. சிமுலேட்டரில் வரும் விமானத்தில் கட்டுமானக் கோளாறு கிடையாது. உங்களுடையதில் இருக்கிறதா என்பது பறந்தால்தான் தெரியும். இறக்கை லேசாக முறுக்கியிருக்கலாம். எடை மையம் பின்னால் போயிருக்கலாம். அப்படியானால் கிளம்பிய சில நொடிகளில் விமானம் கைமீறும். விமானம் போனால் போகட்டும் என்று கண்ட இடத்தில் இறக்கிவிடும் வசதி அப்போது வேண்டும். வெறும் பொட்டலில் அது உண்டு. விழாவிலோ ஒரு பக்கம் கூட்டம், இன்னொரு பக்கம் வண்டிகள். காற்று எப்படி அடித்தாலும், மைக்கில் பெயர் கூப்பிட்டால் கிளப்பியாக வேண்டும். 2 கிலோ விமானம் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஒருவர்மேல் மோதுவது, ஆறேழு மாடி உயரத்திலிருந்து 2 கிலோ படிக்கல் விழுவதற்குச் சமம்.

முன்பே வெற்றிகரமாகப் பறந்து பார்க்காத மாடலை நிகழ்ச்சிகளில் பறக்கவிடக் கூடாது என்பது அமெரிக்காவின் மாடல் ஏரோநாட்டிக்ஸ் அகாடமி பல ஆண்டுகள் வைத்திருந்த பாதுகாப்பு விதி. இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள்படி 25 கிலோ வரையிலான மாடல் விமானங்களுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. அதாவது, உங்கள் விமானத்தைச் சோதித்துச் சொல்ல வேறு யாரும் வரப்போவதில்லை.

ஆகவே, விழாவுக்குச் சில நாள் முன்பே வேலையை முடியுங்கள். அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலமாக உள்ள, ஆள் நடமாட்டமில்லாத இடத்துக்கு, காற்று அடங்கிய விடிகாலையில் போங்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் எடை மையம் இருக்கட்டும். விமானத்தின் கட்டுமான வரைபடத்தில் குறித்திருந்தால் அதுவே கணக்கு. விமானத்துக்குப் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுங்கள். வலது எய்லரான் மேலே எழ வேண்டும். முன்னால் நின்று பார்த்தால் இடவலம் குழம்பும். பல விமானங்கள் முதல் திருப்பத்திலேயே விழுவது எய்லரான் தலைகீழாக இயங்கும் இந்த ஒரு தவறால்தான். ரேஞ்ச் சோதனையை மோட்டார் ஓடும்போதும் செய்யுங்கள்; விமானத்தை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளட்டும். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

பறந்ததும் சாகசம் வேண்டாம். உயரம் ஏற்றி, ட்ரிம் சரிசெய்து, வேகத்தைக் குறைத்தால் எப்படி நடந்துகொள்கிறது என்று மேலேயே பார்த்துவிட்டு, பாதி பேட்டரி இருக்கும்போதே இறக்குங்கள். திருகு, இணைப்புக் கம்பி, கீல் எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். இப்படி ஐந்தாறு முறை பிசகில்லாமல் பறந்தால் விழாவுக்குக் கொண்டுபோகலாம். இடையில் விழுந்து ஒட்டவைத்தால் அது புது விமானம், சோதனையும் முதலிலிருந்து.

நாள் போதவில்லையா? ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு விமானத்தை மேசைமேல் காட்சிக்கு வையுங்கள். பறத்தல் அடுத்த விழாவில் ஆகட்டும்.