ஆயில் என்ஜின் புகையைப் பார்த்துப் பழுதை அறிவது எப்படி?

மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறந்தால் குறுவைக்குக் கவலையில்லை. எல்லா ஆண்டும் அப்படி வாய்ப்பதில்லை. 2024-இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். அத்தகைய ஆண்டுகளில் தஞ்சைப் பகுதியில் குறுவை நடுகிறவர்கள் பெரும்பாலும் பில்டர் பாயிண்ட் போட்டவர்களே. விவசாய மின்சாரம் 1990 முதல் இலவசம்தான். ஆனால் மின் இணைப்புக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் சிறு விவசாயிக்கும், வாய்க்காலிலிருந்து மேட்டு வயலுக்கு இறைக்கிறவருக்கும் இன்றும் டீசல் ஆயில் என்ஜினே துணை. நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்க வேண்டிய அன்று காலையில் அது குபுகுபுவென்று புகைந்தால் என்ன செய்வது?

எங்கள் வீட்டு ஐந்து குதிரைத்திறன் என்ஜின் ஒரு வைகாசியில் இப்படித்தான் கரும்புகை விட்டது. வந்த மெக்கானிக் சைலன்சரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போர் போய்விட்டது, லைனர், பிஸ்டன் எல்லாம் மாற்ற வேண்டும்" என்றார். ஹெட்டைக் கழற்றி இரண்டு நாள் போட்டுவிட்டார். நாற்றுப் பாத்தி வெடித்துவிட்டது. கடைசியில் பார்த்தால், ஏர் கிளீனரில் இருந்த எண்ணெய் வைக்கோல் தூசியோடு சேர்ந்து களியாகி, காற்றுப் போக வழியில்லாமல் இருந்தது. கால் மணி நேர வேலை. அதை முதலில் பார்க்காதது மெக்கானிக்கின் தவறு மட்டுமல்ல, என் தவறும்தான்.

டீசல் என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் இறுக்கி அழுத்தும்போது அது கடுமையாகச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் நாசில் டீசலைப் பனிபோல் தூவ, அது தானே பற்றி எரிகிறது. ஆகவே போதிய காற்று, போதிய அழுத்தம், நல்ல தூவல் ஆகிய மூன்றும் சரியாக இருக்க வேண்டும். எது குறைந்தாலும் புகை காட்டிக் கொடுத்துவிடும். பழைய டிராக்டருக்கும் லாரிக்கும்கூட இதே கணக்குத்தான்.

கரும்புகை என்றால் டீசல் மிகுந்து காற்று குறைந்துவிட்டது என்று பொருள். முதலில் ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். எண்ணெய்க் கிண்ணம் உள்ள வகையானால் பழைய எண்ணெயைக் கொட்டி, டீசலில் கழுவி, புது எண்ணெயைக் குறியிட்ட அளவு வரை மட்டும் ஊற்ற வேண்டும். கதிரடிப்புக் காலத்தில் களத்துக்குப் பக்கத்தில் ஓடும் என்ஜினுக்கு இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். அடுத்தது சைலன்சர். கரி அடைத்திருந்தாலும், கொட்டகைக்கு வெளியே புகை போகட்டும் என்று சிறு குழாயை இரண்டு மூன்று வளைவு வைத்து நீட்டியிருந்தாலும், எரிந்த புகை வெளியேற முடியாமல் புதுக் காற்றுக்கு இடம் இராது.

இவை சரியாக இருந்தும் கறுப்பு நிற்கவில்லையா? என்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வெறுமனே ஓட்டிப் பாருங்கள். வெறும் ஓட்டத்திலும் கரும்புகை வந்தால் நாசில் ஒழுகுகிறது என்று சந்தேகிக்கலாம். பம்பை இணைத்தால் மட்டுமே வருமானால், பளு அதிகமா என்று பார்க்க வேண்டும். கிளாண்டை அளவுக்கு மேல் முறுக்கியிருந்தால் பம்பின் தண்டு சூடேறும். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும்படி அதைத் தளர்த்தி விடுங்கள். பெல்ட் இறுக்கமும் பளுவைக் கூட்டும்.

புல்லி விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. தண்ணீர் கூடுதலாக வரட்டும் என்று என்ஜினில் பெரிய புல்லியை மாட்டுகிறார்கள். சென்ட்ரிபியூகல் பம்பின் வேகம் பத்துக்குப் பதினொன்று ஆனால், அதற்கு வேண்டிய சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். என்ஜின் திணறிக் கரும்புகை தள்ளும். இன்னொன்று, நீர்மட்டம் மேலே இருந்தால் பம்புக்கு வேலை குறைவு என்று எண்ணுகிறோம். அதிக உயரத்துக்கு ஏற்றவென்று செய்த பம்பை நிறைந்த வாய்க்காலில் வைத்தால் அது நிறையத் தண்ணீரைத் தள்ளும். அதற்கேற்பப் பளுவும் ஏறும். அப்போது வேகத்தைச் சிறிது குறைத்தாலே புகை தெளியும்.

நாசிலை வெளியே எடுத்துத் தூவிப் பார்க்கும்போது அதன் முன் கையை நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோல்தான் தெரியும். ஆனால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலை இழக்க நேரிடலாம். நாசில் வேலையைச் சோதனைக் கருவி உள்ள டீசல் பம்பு பட்டறையில் விடுவதே சரி.

வெண்புகை வந்தால் முதலில் முகர்ந்து பாருங்கள். கண் எரிந்து டீசல் வாடை அடித்தால் அது எரியாத டீசல். வாடையின்றி உடனே காற்றில் கரைந்தால் அது நீராவி. மார்கழிக் காலையில் என்ஜின் சூடேறும் வரை சிறிது வெண்மை தெரிவது இயல்பு. அதற்கு வைத்தியம் வேண்டாம். சூடான பிறகும் டீசல் வாடையோடு வந்தால் அழுத்தம் குறைவு, அல்லது டீசல் தூவும் நேரம் தவறியிருக்கிறது. என்ஜினை நிறுத்தி, கைப்பிடியால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். அழுத்தம் ஏறும் இடத்தில் கை திணற வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் வால்வோ ரிங்கோ விடுகிறது. நீராவியானால் டீசல் தொட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து சிறிது வடித்துவிடுங்கள். மழைக் காலத்தில் தண்ணீர் சேர்ந்திருக்கும். குளிர்விக்கும் தண்ணீரில் இடைவிடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

பம்பிலிருந்தே குளிர் நீரைத் திருப்பி என்ஜினுக்குள் விடும் வழக்கம் நம் பக்கத்தில் பரவலாக உள்ளது. தண்ணீர் அதிகமாக ஓடினால் நல்லதென்று குழாயை முழுவதும் திறந்து விடுகிறோம். குளிர்ந்த என்ஜினில் டீசல் முழுதாக எரியாது, வெண்புகை நிற்காது, லைனரும் சீக்கிரம் தேயும். என்ஜினை விட்டு வெளிவரும் நீர் நன்றாகச் சூடாக இருக்கும்படி குழாயை அடக்கி வைக்க வேண்டும். ஒரு காசு செலவில்லாமல் டீசலை மிச்சம் பிடிக்கும் வழி இது.

நீலப் புகைதான் உண்மையில் பயப்பட வேண்டியது. அது மசகு எண்ணெய் எரிகிற புகை. அதிலும் முதலில் எளியதைப் பாருங்கள்: எண்ணெய் அளவுக் குச்சியின் மேல் குறியைத் தாண்டி ஊற்றியிருக்கிறீர்களா? ஏர் கிளீனர் கிண்ணத்தில் அதிகம் ஊற்றியிருந்தாலும் என்ஜின் அதை உறிஞ்சி எரிக்கும். அப்படி உறிஞ்சிய என்ஜின் சில சமயம் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். டீசலை அடைத்தாலும் நிற்காது. அப்போது காற்று வாயைத் தடித்த பலகையால் அடைக்க வேண்டும். கையால் அல்ல. அளவு சரியாக இருந்தும் நீலம் நிற்கவில்லை, எண்ணெய் ஊற்றும் மூடி வழியாகவும் குப்குப்பென்று புகை வருகிறது, வாரா வாரம் எண்ணெய் குறைகிறது என்றால், ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. மெக்கானிக் "போர் போய்விட்டது" என்று சொன்னால் நம்ப வேண்டியது இந்த அடையாளங்களைக் கண்ட பிறகே. நடவு முடிந்த ஓய்வில் அந்த வேலையை வைத்துக்கொள்ளலாம்.

எந்த நிறமானாலும் டீசல் புகை நல்லதல்ல. அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் அறிவித்தது. கிணற்றுக் குழிக்குள் என்ஜினை இறக்கி ஓட்டுவதும், ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே இறங்குவதும் உயிருக்கே ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு அங்கே தங்கும்.

என்ஜின் நன்றாக ஓடும் நாளிலேயே ஒரு காரியம் செய்து வையுங்கள். தொட்டியை அடைத்துவிட்டு, ஒரு லிட்டர் டீசலை அளந்து தனிப் பாத்திரத்திலிருந்து விட்டு, வழக்கமான பளுவில் எத்தனை நிமிடம் ஓடுகிறதென்று பாருங்கள். நல்ல நிலையிலுள்ள ஐந்து குதிரைத்திறன் என்ஜின் முழுப் பளுவில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும். அந்த நிமிடக் கணக்கைத் தேதியோடு கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைத்து, ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் மறுபடி அளந்து பாருங்கள். பத்து நிமிடம் குறைந்திருந்தால், புகை தெரியாவிட்டாலும் ஏர் கிளீனரைக் கழற்றலாம்.